தோட்டத்துக்கு ஆகாததா காயா?

காயா தமிழகத்தின் வறண்ட கரையோரக் காடுகளுக்கும் குன்றுச் சரிவுகளுக்கும் உரிய, இலை உதிர்க்காத பெரும்புதர். காசான், காசா, காயாம்பூச் செடி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும்; மராட்டியப் பகுதியில் அஞ்சனி என்பார்கள். தாவரவியலில் மெமிசைலான் அம்பெல்லாட்டம். பழைய நூல்களில் மெமிசைலான் எடூல் என்றும் காணப்படும். சோழமண்டலக் கரையில் ஓர் ஆள் உயரம் முதல் இரண்டு ஆள் உயரம் வரை வளரும். மழை மிகுந்த இடங்களில் சிறு மரமாகவே நிற்கும். இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்து, மினுமினுக்கும். நடுநரம்பு மட்டும் தெளிவாகத் தெரியும். இலைக்கக்கங்களிலும், இலை உதிர்ந்துபோன பழைய கணுக்களிலும் நீலப்பூக்கள் கொத்துக் கொத்தாக வெடிக்கும். மழை நனைத்துப்போன பிறகு ஒரே வீச்சில் பூக்கும்போது கிளையின் பட்டை தெரியாத அளவுக்கு நீலம் மூடிவிடும். பின்னர் வரும் பழம் சிறு உருண்டை, பழுத்தால் கறுக்கும், துவர்ப்பு கலந்த இனிப்பு, உள்ளே ஒரே விதை.

இந்தச் செடி வீட்டுத் தோட்டத்துக்கு ஆகாது என்பது இன்று பரவலாக நிலைத்துவிட்ட கருத்து. நாற்றுப்பண்ணைக்காரர் சொல்கிறார், தோட்டம் அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரர் சொல்கிறார், வீட்டுக்காரரும் நம்புகிறார். காட்டுச் செடி காட்டில்தான் வளரும், மிக மெதுவாக வளரும், அழகுக்கு ஒன்றுமில்லை, புதர் என்றால் பாம்பு வரும், தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிதான் வேண்டுமென்றால் காகிதப்பூவும் அரளியும் கற்றாழையும் இருக்கின்றன, அரிய செடியைக் காப்பது வனத்துறையின் வேலை. இவைதான் அடுக்கப்படும் காரணங்கள். இவற்றில் சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் முடிவு தவறு. நாற்று விற்பனைக்கு எது வசதியோ அதைத்தான் செடியின் இயல்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் காடு பற்றிய வாதம். காயா எந்தக் காட்டைச் சேர்ந்தது என்பதைப் பார்த்தாலே இது நிற்காது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-இல் இதற்கெனத் தனி வகையே கொடுத்தார்கள்: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ஆந்திரக் கரையிலிருந்து இராமநாதபுரம் வரை கடலை ஒட்டிய ஒரு பட்டை அது. மக்கள் மிக நெருங்கி வாழும் பட்டையும் அதுவே. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் அந்தக் காட்டின் நிலத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே இந்நகரங்களின் வீட்டுத் தோட்டத்தில் காயா வைப்பதை ஒரு காட்டுச் செடியை ஊருக்குள் கொண்டுவருவதாகப் பேசுவது வரலாற்றைத் தலைகீழாக்குவது. ஊர்தான் அதன் இடத்துக்குள் வந்தது. மண், காற்று, கடல் உப்பு, கோடை எல்லாம் அதற்குப் பழகியவை. அதே மனையில் மலைநாட்டு ரோஜாவையும் குளிர்நாட்டுப் புல்வெளியையும் வளர்க்க உரமும் தண்ணீரும் மருந்தும் கொட்டத் தயங்காதவர்கள், அந்த மண்ணிலேயே பிறந்த செடியை ஒத்துவராது என்று ஒதுக்குகிறார்கள்.

அந்தக் காட்டில் இன்று எஞ்சியிருப்பவை துண்டு துண்டான பகுதிகளே. மரக்காணம் காப்புக்காடு, வேதாரணியம் பக்கம், கிண்டி, ஸ்ரீஹரிகோட்டா, இவை தவிர ஊர்ப்புறத்துக் கோயில்காடுகள். விழுப்புரம் மாவட்டம் புத்துப்பட்டு அய்யனார் கோயில்காட்டில் காயா இன்றும் முதன்மைச் செடிகளில் ஒன்று. வீரை, பாலை, காட்டு எலுமிச்சை, இரும்பிலி, காரை, களா ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்து நிற்கும் அந்தத் தோப்புக்குள் சித்திரை வெயிலில் நுழைபவருக்கு நிழலின் அருமை தெரியும். உலக அளவில் காயா அழிவின் விளிம்பில் இருக்கும் இனமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் அருமை வேறு வகையானது. கோயில்காட்டுக்கு வெளியே, மனிதர் நடமாடும் தெருவில், பள்ளி வளாகத்தில், வீட்டு முற்றத்தில் அது இல்லை. கரையோர ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் காயாம்பூவை ஒருமுறைகூடப் பார்க்காமல் முதுமை அடைவது இன்று இயல்பாகிவிட்டது. அதுவே பெரிய இழப்பு.

அழகில்லை என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. தமிழ் இலக்கியம் அதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் காயா உண்டு. முல்லைப்பாட்டு அதன் நிறத்துக்கு அஞ்சனத்தைக் காட்டுகிறது. குறுந்தொகை அதை மயிலின் கழுத்துக்கு ஒப்பிடுகிறது. திருமாலின் மேனி நிறத்தைச் சொல்ல வந்தவர்கள் காயாம்பூவையே எடுத்துக்கொண்டார்கள். காயாம்பூ வண்ணன் என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. பெயரைச் சொல்லி வணங்குகிறவர்களில் பூவைக் கண்டவர்கள் எத்தனை பேர்? முல்லை நிலம் என்பது மேய்ச்சல் காடு, புன்செய், சரளை மண். அங்கே கார்மழைக்குப் பூக்கும் செடியாகவே கவிஞர்கள் அதைக் கண்டார்கள். வறட்சி தாங்கும் செடி, மழையை ஒட்டிப் பூக்கும் செடி என்ற இரண்டு தோட்டக்கலைச் செய்திகளும் அந்தப் பாடல்களிலேயே அடங்கியிருக்கின்றன. பூ சிறிது என்பது குறையாகச் சொல்லப்படுகிறது. ஒற்றைப் பூ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அதை ஒற்றையாகப் பார்ப்பவர் யாருமில்லை. தண்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில் திரண்டு, நீல இதழும் நீல மகரந்தத்தாளுமாக நிற்கும் கொத்துதான் கண்ணில் படுவது. இந்த நீலத்தைத் தரும் புதர்ச்செடி தமிழகத்து நாற்றுப்பண்ணைகளில் வேறு எத்தனை உண்டு என்று தேடிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இனி, தண்ணீர் குறைவாகக் கேட்கும் தோட்டம் பற்றிய வாதம். இந்தக் கருத்தின் ஆணிவேரே இதுதான். இங்குதான் மிகப்பெரிய பிழையும் இருக்கிறது. வறட்சித் தோட்டம் என்றால் சரளைக்கல் பரப்பி, நடுவே கள்ளியும் கற்றாழையும் அகேவும் நட்டு வைப்பது என்ற படம் நம் நகரங்களில் பரவியிருக்கிறது. இந்தத் தோட்ட முறைக்கு சீரிஸ்கேப் என்று பெயர் வைத்தது அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குடிநீர் நிறுவனம், 1981-இல். டென்வரின் ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னைக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாள் அடைமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. ஒரே நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு குடிநீருக்கு வரிசையில் நின்றது. இங்கே வறட்சி என்பதற்கு மழை இல்லாமை என்று பொருளில்லை. மழை ஒரு பக்கமாகக் குவிந்துகிடப்பதுதான் இங்குள்ள வறட்சி.

அப்படியானால் இங்கு வேண்டிய செடி எது? நவம்பரில் நாட்கணக்கில் நனைந்த மண்ணையும், மே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்த மண்ணையும் ஒரே வேரால் தாங்கும் செடி. மெக்சிகோவின் பாலைநிலத்துச் செடிகள் இரண்டாவதைத் தாங்கும், முதலாவதில் அழுகும். ஆண்டுதோறும் கார்த்திகை முடிந்ததும் சரளைத் தோட்டங்களில் கற்றாழைகளைத் தூக்கியெறிந்து புதிதாக வாங்கி வைப்பது இதனால்தான். சரளைக்கல்லும் வெயிலை உறிஞ்சி இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கும். வீட்டுச் சுவரையும் சேர்த்துச் சுடும். காயா இந்த இரட்டைச் சோதனையிலேயே உருவான செடி. அதன் இலையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் கெட்டிச் சுவர் கொண்ட செல்கள் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்பது தெரியும். இந்தியத் தாவரவியலாளர் டி. ஆனந்த ராவ் மெமிசைலான் இனங்களின் இந்தச் செல்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நீர் குறைந்தாலும் இத்தகைய இலை எளிதில் தொய்வதில்லை. தடித்த மேற்தோல் ஆவியாதலைக் கட்டுப்படுத்துகிறது. கோடையில் மற்ற மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது காயா பச்சையாக நிற்பதற்கு இவை காரணங்கள். கோடை நிழல் தேவைப்படும் ஊரில் கோடையில் இலையோடு நிற்கும் புதரைவிடப் பொருத்தமான தேர்வு வேறில்லை.

காகிதப்பூவும் வறட்சி தாங்கும், அரளியும் தாங்கும், அவை போதாதா என்று கேட்கலாம். காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, வண்ணத்துக்குக் குறையில்லை, தண்ணீரும் அதிகம் கேட்காது. ஆனால் இங்குள்ள பறவைக்கு அதில் பழமில்லை. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. காயாவில் பூத்த நாளில் தேனீக்கள் மொய்க்கின்றன. பழுத்த நாளில் சின்னான்களும் குயில்களும் வருகின்றன. தோட்டம் என்பது வேலிக்குள் அடைத்துவைத்த வண்ணங்கள் மட்டுமே என்று கருதுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. ஆனால் அயல்செடிகள் வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதை இந்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. வறட்சி தாங்கும், விரைவாக வளரும், ஆண்டு முழுதும் பூக்கும் என்று இன்று எதையெல்லாம் சொல்லி விற்கிறார்களோ அவை அத்தனையும் அதற்கும் பொருந்தும். இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க இடமில்லாமல் அது பரவிக்கிடக்கிறது. கண்ணில் பட்ட இடமெல்லாம் பச்சைச் சுவராக நடப்பட்ட கோனோகார்பஸை 2023-இல் குஜராத் அரசு நடக்கூடாதென்று தடை செய்தது. விரைவான வளர்ச்சியை மட்டுமே தகுதியாகக் கொண்டால் முடிவு இப்படித்தான் ஆகும்.

மெதுவாக வளரும் என்பது உண்மையே. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் காயா முழங்கால் உயரத்தைத் தாண்டப் போராடுவதுபோல் தெரியும். மேலே ஒன்றும் நடக்காத அந்தக் காலத்தில் வேர் இறங்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட முடிவது அந்த வேரால்தான். பூப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் மெதுவான வளர்ச்சி எப்படிக் குறையாகும்? ஒரு வேலிச்செடியை வீட்டுக்காரர் ஒரே ஓர் ஆண்டுக்கா நடுகிறார்? துராந்தாவும் அகாலிபாவும் ஆறு மாதத்தில் வேலியாகிவிடும். பிறகு மாதாமாதம் கத்தரிக்க வேண்டும், கத்தரித்ததை அள்ளிப் போக வண்டி வேண்டும், சில ஆண்டுகளில் அடி மொட்டையாகி மறுபடி நட வேண்டும். காயா வேலிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை கத்தி போதும். விறகுக்கு அடியோடு வெட்டினாலும் மறுபடி தழைக்கும் செடி அது. கோயில்காடுகளின் ஓரத்தில் அப்படி வெட்டுப்பட்டுத் தழைத்த புதர்களைக் காணலாம். அதன் கட்டை மிகக் கடினமானது. கருவிப் பிடிகளுக்கும் வீட்டுக் கால்களுக்கும் பயன்பட்டது. அத்தனை கெட்டியான கட்டை மெதுவாக வளராமல் எங்கிருந்து வரும்?

மெதுவான வளர்ச்சி உண்மையில் யாருக்குத் தொல்லை என்றால், நாற்று விற்பவருக்கு. மூன்று மாதத்தில் பூவோடு விற்றுவிடக்கூடிய செடிக்கும், விற்கும் அளவை எட்ட ஓராண்டு, இரண்டாண்டு பைக்குள் வைத்துக் காக்க வேண்டிய செடிக்கும் நடுவே ஒரு வணிகர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததே. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய இடநெருக்கடியும் பணச்சுழற்சியும் செடியின் தகுதியைத் தீர்மானிக்கும் அளவுகோலாகிவிட்டதை ஏற்க முடியாது. கடையில் கிடைக்காததால் யாரும் வளர்ப்பதில்லை; யாரும் வளர்க்காததால் வளராது என்கிறார்கள்; வளராது என்பதால் கடையில் வைப்பதில்லை. இந்தச் சுற்று எங்காவது அறுபட வேண்டும்.

அது அறுபடக்கூடியதே என்பதற்குச் சான்றும் உண்டு. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மண் அரித்துச் செம்பாறை தெரியும் பொட்டலாக இருந்தது. முதலில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு போன்ற விரைவு மரங்களை நட்டு நிழலும் சருகும் உண்டாக்கினார்கள். பிறகு அந்த நிழலில் இக்கரையின் சொந்தச் செடிகளைக் கோயில்காடுகளில் அடையாளம் கண்டு, விதை சேகரித்து, நாற்றாக்கி நட்டார்கள். 2000-இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் பூங்காவும் இவ்வகை நாற்றுகளை வளர்ப்பதில் முனைந்திருக்கிறது. பொட்டலிலேயே மீண்டும் காலூன்றிய ஒரு காட்டின் செடிகள், மனைக்குள் ஒரு குழி வெட்டிக் கவனித்தால் வளராது என்று எந்த ஆதாரத்தில் சொல்வது?

வைத்துப் பார்த்தோம், செத்துவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பெரும்பாலும் இறப்பு நேர்வது ஒரே காரணத்தால்: வறட்சி தாங்கும் செடி என்று கேள்விப்பட்டு, நட்ட முதல் கோடையிலேயே தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுவது. வறட்சி தாங்குவது வேரூன்றிய செடியின் ஆற்றல். பையிலிருந்து இறங்கிய நாற்றுக்கு அந்த வேர் இன்னும் இல்லை. முதல் கோடையில் அதற்குக் கைக்குழந்தைக்கு உரிய கவனிப்பு வேண்டும். வறட்சி தாங்கும் என்ற சொல்லை விளம்பரமாக மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பாதியை மறைப்பவர்கள்தான் நாட்டுச் செடிகளுக்குக் கெட்ட பெயர் தேடித் தருகிறார்கள்.

வளர்க்கும் முறை கடினமானதில்லை. பழம் நன்றாகக் கறுத்து, தொட்டால் உதிரும் பதத்தில் எடுத்து, சதையைக் கசக்கிக் கழுவி, அன்றோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் மூடிவைத்து அடுத்த ஆண்டு விதைக்கும் வழக்கம் இதற்கு உதவாது. முளைக்கவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இப்படிப் பழையதாகிப்போன விதையால் வருவது. மணலும் செம்மண்ணும் மக்கிய இலைச்சருகும் கலந்த கலவை, அரைநிழல், ஈரம் காயாமல் தெளிப்பு. இவ்வளவு போதும். குச்சி வெட்டி நட்டு வேர்விடச் செய்வது கடினம். விதையே நம்பகமான வழி. நாற்றுக்கு ஆழமான பை வேண்டும். ஆழமில்லாத பையில் வேர் சுருண்டுவிட்டால் பிறகு நிலத்தில் இறங்காது.

நடுவதற்கு ஏற்ற காலம் புரட்டாசி இறுதி, ஐப்பசித் தொடக்கம். ஒன்றரை அல்லது இரண்டடிக் குழி. தோண்டிய மண்ணோடு மக்கிய எருவும் சருகும் கலந்து நிரப்பினால் போதும். இரசாயன உரம் தேவையில்லை. நீர் தேங்கி நாட்கணக்கில் நிற்கும் பள்ளத்தைத் தவிர்த்துச் சற்று மேடான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டில் காயா மற்றவற்றின் நிழலில் முளைத்து எழும் செடி; ஆகவே வெட்டவெளியில் தனியாக நட்டால் தடுமாறும். மேற்குப் பக்கம் இரண்டு துவரைச் செடி போட்டால் முதல் இரு கோடைகளின் பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும், வீட்டுக்குப் பருப்பும் கிடைக்கும். அடியைச் சுற்றி ஒரு சாண் விட்டு இலைச்சருகு மூடாக்கு; சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தை அந்த ஓரத்திலாவது நிறுத்த வேண்டும். முதல் கோடையில் வாரம் இருமுறை ஆழமாக நீர், இரண்டாவது கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதில் இலை வாடினால் மட்டும். அதற்குப் பிறகு ஊற்றுவதை நிறுத்துவதே நல்லது. தினமும் நீர் தெளிக்கும் புல்வெளியின் ஓரத்தில் நட்டால், தாகத்தில் சாகாத செடி நனைந்தே நலியும்.

வேலிக்கு மூன்றடி இடைவெளி. தனிப்புதருக்கு ஆறடி, எட்டடி. கத்தரிப்பதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பூ பழங்கணுக்களிலும் வருவதால், சுவர்போல் ஓயாமல் ஒட்ட வெட்டினால் நீலத்தை இழக்க நேரும். பூத்துக் காய்த்து ஓய்ந்தபின் மெலிதாகச் சீர்செய்வதே சரி. மாடி வீட்டினரும் ஆழமான தொட்டியில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் தொட்டிச் செடிக்கு வறட்சி தாங்கும் பெருமை பொருந்தாது. அதற்கு எப்போதும் தண்ணீர் வேண்டும்.

பாம்பு பற்றிய அச்சத்தை ஏளனம் செய்யக்கூடாது; சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது நியாயமான கவலை. ஆனால் பாம்பு இலைக்காக வருவதில்லை. எலிக்காகவும் தவளைக்காகவும் வருகிறது. செங்கல் குவியலிலும் தேங்காய் மட்டையிலும் கொட்டிக்கிடக்கும் குப்பையிலும் ஒளிகிறது. காயாவின் அடிக்கிளைகளை ஒரு முழ உயரத்துக்குக் கழித்துவிட்டால் தரை பளிச்சென்று தெரியும். தரையோடு படர்ந்து கிடக்கும் அலங்காரக் கொடிகளை வைத்துக்கொண்டு காயாவை மட்டும் பாம்புக்காக விலக்குவதில் பொருளில்லை.

பயனற்றது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை அறியாமை என்றே சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் உலகச் சந்தையில் புகழ் பெற்றதற்கு ஒரு காரணம் அவற்றின் சாயம் போகாத சிவப்பு. அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. அந்தச் சாயமிடும் முறையில் காயா இலையும் சேர்க்கப்பட்டது. காயா மண்ணிலுள்ள அலுமினியத்தை இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடைய செடி. படிகாரம் செய்யும் வேலையை, அதாவது சாயத்தை நூலில் பற்றவைக்கும் வேலையை, அந்த இலை தானே செய்யும். இலையிலிருந்து மஞ்சள் சாயமும் எடுத்துப் பாய்க் கோரைக்கு ஏற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையின் செடிகளை வரைந்து தொகுத்த வில்லியம் ராக்ஸ்பரோ இதையும் படத்தோடு சேர்த்தார். வேதிச்சாயம் வந்தபின் அந்தத் தொழில் ஒடுங்கியது. செடியின் பெயரும் கூடவே மறைந்தது. இயற்கைச் சாயத்துக்குத் திரும்பும் நெசவாளர்கள் இன்று கூடிவரும் நிலையில், இலைக்காகக் கோயில்காட்டில் கைவைக்காமல் இருக்கத் தோட்டங்களில் காயா இருந்தாக வேண்டும்.

கடைசியாக, வலுவான ஒரு மறுப்பு. அரிய செடியை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை காட்டைக் கொள்ளையடிப்பதில் முடியும் என்கிறார்கள். இந்த எச்சரிக்கையை முழுமையாக ஏற்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து செடி பெயர்ப்பது குற்றம். கோயில்காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட எடுக்கக்கூடாது என்று ஊரார் காத்துவந்த கட்டுப்பாட்டை உடைப்பது அதைவிடப் பெரிய கேடு. பெயர்த்தெடுத்த காயா பிழைப்பதும் அரிது. ஆனால் இந்த எச்சரிக்கையிலிருந்து வரும் முடிவு, நாற்றாக வாங்கு, விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்கு என்பதுதான். வளர்க்காதே என்பது அந்த முடிவாகாது. சந்தையில் நேர்மையான நாற்று கிடைக்காத வரை திருட்டுச் செடிக்குத்தான் இடம் இருக்கும்.

தோட்டம் காட்டுக்கு ஈடாகாது என்பதும் உண்மை. நாலு மனையில் நாலு காயா நின்றால் கோயில்காடு காப்பாற்றப்பட்டதாகாது. பல தாய்ச்செடிகளின் விதை கலந்தால்தான் இனத்தின் வளம் நிலைக்கும். காட்டில் அதனோடு சேர்ந்து வாழும் பூஞ்சையும் பூச்சியும் கொடியும் மனைக்குள் முழுதாக வராது. ஆனால் காடு மட்டும் போதும் என்று விட்டால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கிறோம். திருப்பணி என்ற பெயரில் கோயிலைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட, வாகனம் நிறுத்த, மண்டபம் கட்ட என்று கோயில்காடுகள் ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்குகின்றன. வெட்டப்படும்போது யாரும் பதறுவதில்லை. வெட்டப்படுவது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, புதர் என்கிறார்கள். தன் வீட்டு வாசலில் காயா பூத்துப் பார்த்த ஒருவர் அதைப் புதர் என்று சொல்லிவிட்டு நகர மாட்டார். வனத்துறை வேலி போடலாம். செடியைப் பெயர் சொல்லி அழைக்கும் மக்களை அதனால் உண்டாக்க முடியாது. அதைத் தோட்டம் செய்யும், பள்ளி வளாகம் செய்யும்.

பள்ளிகள், கோயில் நந்தவனங்கள், நகராட்சிப் பூங்காக்கள், கரையோரத்து வீடுகள் ஆகியவை ஆண்டுதோறும் செடி வாங்குகின்றன. அவற்றின் பட்டியலில் காயா இருந்தால் நாற்றுப்பண்ணைகள் இரண்டாண்டு காத்திருந்து வளர்க்கத் துணியும். கேட்பவர் இல்லாத செடியை யாரும் வளர்க்க மாட்டார்கள். வாசகர் அடுத்த முறை நாற்றுப்பண்ணைக்குப் போகும்போது காயா இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும். இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லிப் பெயர் எழுதிவைத்துவிட்டு வரட்டும். நடுவதற்கு ஐப்பசி மழை இருக்கிறது.